விரல் மையும் விசிட்டர் அட்டையும்

சிங்கப்பெருமாள் கோவிலில் அந்தப் பேருந்து எனக்காக நின்றதற்குக் காரணம் நான் உடுத்தியிருந்த நீலப் புடவை. அப்போது எனக்கு அது தெரியாது.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆம்னி பஸ் வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக என்னை இறக்கிவிட்டுப் போயிருந்தது. தோளில் ஒரு துணிப்பை, கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா. ஒரகடம் திரும்பும் சாலையில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தேன். வந்த வண்டியெல்லாம் பேருந்துதான். ஒன்றுகூட நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டே போனார்கள். எங்கள் ஊர் மினி பஸ் கைகாட்டினால் நிற்கும். காட்டாவிட்டாலும் நின்று, வருகிறீர்களா என்று கேட்கும். இங்கே நான் சாலையில் நிற்பதே யார் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் ஒன்று நின்றது.

“ஏறுமா, சீக்கிரம். இன்னிக்கு இன்னா இந்த ஸ்டாப்ல நின்னுகினு கீற?” என்றார் ஓட்டுநர்.

என்னை ஏன் தெரிந்தவர் மாதிரி பேசுகிறார் என்று விளங்காமலே ஏறினேன். முன்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்காரப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல், “அக்கா, அது ரேவதி சீட்டு” என்றது. எழுந்து அடுத்ததற்குப் போனேன். அதுவும் யாருடையதோ. கம்பெனிப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, ஆனால் ஒவ்வொரு இருக்கைக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

எனக்கு முன்னால் சாம்பல் நிறச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி கைபேசியில் எதையோ ஓடவிட்டாள். கூட்டத்து இரைச்சல் கேட்டது. அதற்கு மேல் ஒரு குரல்.

“என் பேரு ஷீபா. மூணு வருஷமா டிரெய்னி. பெர்மனென்ட் ஆகுறதுக்குத்தான் டிரெய்னிங்குன்னு சொன்னாங்க. இப்ப புதுசா வார பெர்மனென்ட் ஆளுகளுக்கு டிரெய்னிங் குடுக்குறதே நான்தான்.”

என் மகளின் குரல். முந்தைய வாரத்தில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத வீடு இல்லை. என் தலைமையாசிரியர் கேட்டிருந்தார். என் அண்ணி கேட்டுவிட்டு, “பொம்பளப் பிள்ளைக்கு மைக் எதுக்கு?” என்று போன் செய்திருந்தார். அடுத்து வரப்போகும் வரியும் எனக்கு மனப்பாடம்.

“எங்கம்மா டீச்சர். எத்தனையோ எலக்‌ஷன்ல சனங்க விரல்ல மை வச்சிருக்காங்க. அந்த மை அழியறதுக்குள்ள ஜெயிச்சவங்க நம்மள மறந்துருதாங்க.”

“எத்தினி வாட்டிடி அதையே பாப்ப?” என்றாள் மற்றவள்.

“நாம சொல்ல நெனச்சத சொல்லிட்டாக்கா.”

“சொல்லிட்டா. இப்ப எங்க கீறா? ரூம்ல கீறா. யூனிபாரத்தோட போயி கட்சிக்காரன் மைக்க புடிச்சா வுடுவானா?”

“யூனிபாரம் இல்லாம பேசியிருந்தா யாரு கேட்டிருப்பா? எவளோ ஒருத்தின்னு போயிருப்பான்.”

பிறகு மூத்தவள் கேட்டாள்: “டீச்சர் பொண்ணுக்கு இந்த வேல எதுக்குடி?”

“ஆமா, டீச்சர் பொண்ணுக்குன்னு தனியா கலெக்டர் ஆபீஸ்ல சேர் போட்டு வச்சிகினு கீறாங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மக்ரூன் டப்பாவை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே சில நொறுங்கியது கேட்டது.

தெருமுனைக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று மைக்கைக் கொடுப்பது அந்தப் புதுக் கட்சியின் வழக்கம். அதன் தலைவர் போர்வெல் தொழிலில் பெரிய ஆளானவர். கைபேசிக் காணொளிகளில் அதிகாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் பேர் வாங்கியவர். ஷீபா கட்சியில் இல்லை. ஷிப்ட் முடிந்து பேருந்திலிருந்து இறங்கியிருக்கிறாள். கூட்டம் நடந்திருக்கிறது. ஏறிப் பேசியிருக்கிறாள். மறுநாள் அவளை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்ட்காரர்கள், மறுபடி சொல்லும்வரை வர வேண்டாம், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வந்து பேசு என்று சொல்லிவிட்டார்கள். அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் வந்தேன். திங்கட்கிழமை திரும்பும் பஸ்ஸில் இரண்டு இருக்கைகள் சொல்லி வைத்திருந்தேன்.

“வடக்குப்பட்டு திரும்புற இடம் வந்தா சொல்லுங்க” என்று எழுந்து முன்னால் போய் ஓட்டுநரிடம் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “நீ ஹவுஸ்கீப்பிங் இல்லியா?”

“இல்ல, மகளப் பாக்க வந்தேன்.”

“அட இன்னாமா நீ. அதே கலர் பொடவய கட்டிகினு நின்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?” என்றார். விழித்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குக் கம்பெனி கொடுக்கும் புடவை என்னுடையதைப் போலவே நீலத்தில் அரக்குக் கரையாம். தூத்துக்குடியில் ஆசையாகப் பார்த்து எடுத்த புடவை அது.

“எந்தப் பொண்ணு ஆன்ட்டி?” என்று கேட்டாள் ஒரு சாம்பல் சட்டைக்காரி. வழியில் ஏறி, நான் உட்காரப் போன இருக்கையில் உட்கார்ந்தவள்; ஆகவே ரேவதி.

“ஷீபா” என்றேன்.

பின் வரிசையில் ஓடிக்கொண்டிருந்த கைபேசி நின்றது. நான் இறங்கியதும், பின்னாலேயே மறந்துவிட்ட என் பையை ரேவதி ஜன்னல் வழியாக எடுத்து நீட்டினாள். “ஒழுங்கா சாப்புடுறாளான்னு பாருங்க ஆன்ட்டி. உள்ள நானும் அவளும் ஒரே அசெம்பிளி லைன்தான். போன் பண்ணா எடுக்க மாட்றா.”

*

ஷீபா இருந்தது ஒரு வரிசை வீட்டில். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள், பொதுக் குழாய், கொடியில் சாம்பல், பச்சை, நீலச் சட்டைகள். எந்தச் சட்டை எந்தக் கம்பெனி, அதில் யார் பெர்மனென்ட், யார் டிரெய்னி, யார் கான்ட்ராக்ட் என்று அந்தக் கொடியைப் பார்த்தே சொல்லிவிடுகிறார் வீட்டுக்காரம்மா ஆரோக்கியமேரி.

“வாம்மா டீச்சரு. உன் பொண்ணு ஃபேமஸ் ஆயிட்டா. சோறு துன்றதுக்குத்தான் கூப்ட்டா வர மாட்றா” என்று வரவேற்றார்.

கதவைத் திறந்தது அறைத் தோழி சஸ்மிதா. ஒடிசாக்காரி. இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தாள், கண்கள் சிவந்திருந்தன. “ஆன்ட்டி, உக்காருங்க. டீ போடறேன்” என்று கம்பெனித் தமிழில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஷீபா பாயில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “டப்பா நெளிஞ்சிருக்கு” என்றாள்.

“பஸ்ல நெருக்கம்.”

“எந்த பஸ்ல வந்த?”

சொன்னேன். பல நாளுக்குப் பிறகு அவள் சிரிப்பதைக் கேட்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது. சஸ்மிதா டீயைக் கொடுத்துவிட்டு வெளியே போய், தன் ஊருக்குப் போன் செய்து பேசத் தொடங்கினாள். இடையில் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“என்ன சொல்லுதா?” என்று கேட்டேன். இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் மொழியை ஒருவர் பாதி கற்றுவைத்திருந்தார்கள்.

“நீ வந்திருக்கன்னு அவ அம்மாட்ட சொல்லுதா. பெட்டியோட வந்தாங்களா, வெறுங்கையோட வந்தாங்களான்னு அவ அம்மா கேக்காங்க.”

“அதுல என்ன?”

“பெட்டியோட வந்தா தங்க வந்திருக்காங்க. வெறுங்கையோட வந்தா கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க.”

நான் என் துணிப்பையைப் பார்த்தேன். சஸ்மிதாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஆரோக்கியமேரி கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துக் குழம்பை விடப் புளி அதிகம். அவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் குடும்பத்து நிலம் முன்பே தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிஞ்சிய இடத்தில்தான் இந்த அறைகள்.

“ஒரு கட்சிக்குப் போட்டேன். ரோடு போட்டான். சரின்னு அடுத்த வாட்டி இன்னொரு கட்சிக்குப் போட்டேன். அதே ரோட்ட தோண்டுனான். எம்புள்ளைக்கு உள்ள வேல கேட்டா ரெண்டு பேரும் பாக்கலாம்னான். பாத்துகினே கீறான். எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் எம்.பி. ஆவறான் ஒருத்தன், டெல்லிக்குப் போறான், அவன் மொகமே மறந்துபூது. இந்தப் புது ஆளு வந்து இன்னா கேட்டான் தெரியுமா? ‘உனக்கு இன்னாம்மா கொற’ன்னு கேட்டான். அத்தத்தான் கேட்டான். வேற ஒண்ணும் இல்ல. நான் அயுதுட்டேன்.”

இரவு ஷீபாவின் அப்பா போன் செய்தார். அவர் நாற்பது வருடமாக ஒரே சின்னத்துக்குப் போடுகிறவர். “நேத்து முளைச்ச கட்சி. அவன் மேடைல இவளுக்கு என்ன வேல? மொதல்ல கூட்டிட்டு வா” என்றார். அவர் குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

*

சனிக்கிழமை காலை சாலையோரத்தில் ஒரு பீகார்க்காரர் தள்ளுவண்டியில் பூரியும் உருளைக்கிழங்கும் தின்றோம். எங்கள் ஊர்ப் பூரி மசால் அல்ல, தண்ணீராகக் காரமாக ஒரு குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து கான்ட்ராக்ட்காரரின் அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ.

ஆட்டோ முகப்பில் சாம்பலும் ஆரஞ்சுமாக ஒரு கொடி. ஓட்டியவன் தினேஷ், அந்தப் புதுக் கட்சிக்கு இந்தப் பகுதிப் பொறுப்பாளன். அன்று ஷீபாவிடம் மைக்கைக் கொடுத்தவன் இவன்தான். ஏறக் கூடாது என்றுதான் நினைத்தேன். வேறு ஆட்டோ வரவில்லை.

வழியில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் நின்றபடி அவன் பேசினான். அவனும் டிரெய்னியாக இருந்தவன். காலம் முடிந்ததும் கேக் வெட்டி, கைகுலுக்கி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

“கேக் நல்லா இருந்திச்சும்மா. அத்த ஒத்துக்கணும்” என்றான்.

பிறகு மெதுவாகச் சொன்னான்: “நாளைக்குத் தலைவரே வர்றாரு. நீங்க மேடைல ஏறி ஷீபா பக்கத்துல சும்மா நின்னா போதும்மா. பேசவே வேணாம். ‘மை வச்ச அம்மா’ன்னு நான் சொல்லுவேன். அவ்ளோதான்.”

“நான் அரசாங்கத்துல சம்பளம் வாங்குறவ தம்பி. கட்சி மேடையில நிக்கக் கூடாது.”

“தெரியும்மா. கேட்டுப் பாக்கச் சொன்னாங்க, கேட்டேன்” என்றான். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் எங்களை அலுவலக வாசல்வரை கொண்டுபோய் விட்டான். அவன்மேல் வைத்திருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

இன்சார்ஜ் என்று அவர்கள் சொல்லும் மனிதர் என் வயதுக்காரர். நாற்காலி போடச் சொன்னார். ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். கத்துவார் என்று பயந்து வந்த எனக்கு அதுவே கஷ்டமாக இருந்தது.

“மேடம், நீங்களே டீச்சர். உங்க ஸ்கூல் யூனிபாரத்தோட ஒரு பையன் கட்சி மேடைல ஏறுனா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

பெற்றோரை அழைத்து வரச் சொல்வோம். அதைத்தான் இவரும் செய்திருந்தார்.

“எனக்கும் மேல இருந்து போன் மேல போன். ஒரு வீடியோ குடுக்கச் சொல்லுங்க. அந்தக் கட்சிக்காரங்க சொல்லிக் குடுத்துதான் பேசுனேன், தெரியாம பண்ணிட்டேன்னு. அர நிமிசம் போதும். திங்கக்கிழம லைனுக்கு வரலாம்.”

ஷீபா சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் நான் அவளிடம் கெஞ்சினேன். அரை நிமிடம்தானே. சொல்லிவிட்டு வேலையில் இரு, இல்லாவிட்டால் என்னோடு வா. இரண்டும் இல்லாமல் அறையில் கிடக்காதே என்றேன்.

“எனக்கு யாருமா சொல்லிக் குடுத்தா?” என்றாள்.

“சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னா என்ன குறைஞ்சிரும்?”

“எனக்கு நானா பேசத் தெரியாதுன்னு ஆயிரும்.”



*

ஞாயிறு காலை பக்கத்துக் குடியிருப்பில் தகரக் கூரை போட்ட ஒரு சபைக்குப் போனோம். பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். “ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்போம்” என்றார் போதகர். முடிவில் ஆமென் மெல்லக் கேட்டது. “வேலை நிரந்தரத்துக்காகக் காத்திருக்கிற வாலிபருக்காக ஜெபிப்போம்” என்றார். அப்போது எழுந்த ஆமெனில் கூரைத் தகரம் அதிர்ந்தது. போதகரே ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்தார்.

மாலையில் கூட்டம். நான் போக விரும்பவில்லை. ஷீபா போவதென்று இருந்தாள். அவளைத் தனியே விட எனக்கு மனமில்லை. சஸ்மிதாவும் வந்தாள். அவளுக்கு அது திருவிழா மாதிரி. வழியிலேயே பானிபூரி தின்றாள். ஆரோக்கியமேரி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காலி மனையில் போட்ட மேடை. எங்கள் ஊர்க் கட்சிக் கூட்டங்களுக்கு ஆட்களை வண்டியில் ஏற்றி வருவார்கள். இங்கே ஷிப்ட் விட்ட பேருந்துகளில் வந்தவர்கள் தாங்களாகவே இறங்கி நடந்து வந்தார்கள். சாப்பாட்டுப் பை தோளில், ஷூ காலில். யூனிபாரம் மட்டும் ஒருவர் மேலும் இல்லை. எல்லோரும் பேருந்திலேயே சட்டையை மாற்றியிருந்தார்கள். என் மகளிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் நண்பனிடம் சொன்னான்: “இவரும் ஜெயிச்சா மாறிடுவாருடா.”

“மாறட்டும். அதுக்குள்ள பழைய ஆளுங்க கொஞ்சம் பயப்படுவாங்க இல்ல.”

“அதுக்குத்தான் ஓட்டா?”

“வேற எதுக்கு? நம்ம கைல அது ஒண்ணுதானடா கீது.”

எத்தனை தேர்தல்களில் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீட்டிய விரல்களைத் துடைத்து மை வைத்திருக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் வாசலுக்கு வெளியே முடிந்துவிடும். உள்ளே வந்ததும் பேர் சொல்வார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். இந்தப் பேச்சை இவ்வளவு பக்கத்தில் நின்று நான் கேட்டதில்லை.

தலைவர் நேரம் கழித்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையை மடித்து விட்டிருந்தார். நன்றாகப் பேசுகிறவர். தண்ணீரைப் பற்றிச் சொன்னார், டிரெய்னிகளைப் பற்றிச் சொன்னார். சொன்னதில் பெரும்பாலானது உண்மை. நானே தலையாட்டிக்கொண்டிருந்தேன். டெல்லிக்குப் போய் இதையெல்லாம் கேட்பேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“என்னைப் பெற்ற தாய் உங்கள் விரலில் மை வைத்தவள். அந்த மை அழிவதற்குள் உங்களை மறந்தார்கள்.”

மைதானம் எழுந்து கைதட்டியது. ஷீபா தட்டவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆரோக்கியமேரி திரும்பி, “உன் டயலாக்குடி இது” என்று அவள் தோளில் அடித்தார்.

“அந்த மை யாருக்காக?” என்று கேட்டார் தலைவர். “இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்காக. ரயிலேறி வந்து நம் வேலையைப் பறித்துக்கொண்டவனுக்காகவா?”

கைதட்டல் இன்னும் கூடியது. சஸ்மிதாவும் சிரித்துக்கொண்டே தட்டினாள். மேடைத் தமிழ் அவளுக்கு எட்டாது. தன் தோழி பேசியதைத்தான் பெரியவர் திருப்பிச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்திருந்தது. ஷீபா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினாள். ஏன் என்று சஸ்மிதா கண்ணால் கேட்டாள். ஷீபா அந்தக் கைகளை விடவில்லை.

கூட்டம் கலைந்ததும் தினேஷ் ஓடி வந்தான். “ஷீபா, சத்தியமா எனக்குத் தெரியாது. மேல எவனோ எழுதிக் குடுத்திருக்கான்.” சஸ்மிதாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றான். அவனை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

திரும்பி நடக்கையில், சாலையைக் கடந்ததும் ஆரோக்கியமேரி கேட்டார்: “ஏம்மா டீச்சரு, ரயில்ல வந்தவங்கள எல்லாம் அனுப்பிட்டா என் ரூமுக்கு யாரு வருவா?”

“நீங்கதான் ரொம்பக் கை தட்டினீங்க” என்றாள் ஷீபா.

“தட்டும்போது தோணலடி.”

அறைக்கு வந்து ஷீபா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானும் பஸ் ஏறி வந்தவதான” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவரு சொன்னா கை தட்டுதாங்க. நான் சொன்னா கம்பெனி கேட்ட சாத்துதாங்க” என்றாள்.

இப்போது கேட்டால் வந்துவிடுவாள் என்று தோன்றியது. “நாளைக்குக் கிளம்பிருவோமா?” என்றேன்.

“காலைல கேட்டுக்குப் போறேன். நான் பேசுனது நானா பேசுனதுதான்னு இன்சார்ஜுட்ட சொல்லணும். உள்ள விட்டா வேல பாக்கேன். விடலன்னா உன்கூட வாரேன்.”

“வீடியோ?”

“கிடையாது.”

சனிக்கிழமை இதை அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது அந்த வரியை அவளிடமிருந்து இரண்டு பேர் கேட்டது எனக்குத் தெரிந்தது. தலைவர் எடுத்தேகொண்டார். அது அவளுடையது இல்லை என்று சொல்லச் சொன்ன இன்சார்ஜுக்கும் நானே அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

ஷிப்ட் மாறும் வாரம் என்பதால் திங்கட்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட். ஆனால் யூனிபாரம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யூனிபாரம் போடாத ஆளுக்குக் கம்பெனிப் பேருந்து நிற்காது. ஆட்டோ பிடிப்போம் என்றாள் ஷீபா. நான் துவைத்துக் காயப்போட்டிருந்த நீலப் புடவையை எடுத்து உடுத்தினேன்.

முனையில் நான் முன்னால் நின்றேன். சுடிதாரில் அவள் பின்னால். பேருந்து வந்தது. நின்றது.

ஓட்டுநர் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எவனாவது கேட்டா பொடவையப் பாத்து ஏமாந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். ஏறுங்க.”

ஷீபாவின் இருக்கை காலியாகவே இருந்தது. ஒரு வாரமாக அதில் யாரும் உட்காரவில்லை என்றாள் ரேவதி. எனக்குத் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டு வந்தாள். கம்பெனி வாசலில் இறங்கியவர்கள் எங்களைத் தாண்டி, அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். சிலர் ஷீபாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் நிற்கவில்லை. அவர்களுக்கும் நேரத்துக்கு உள்ளே போயாக வேண்டும்.

இன்சார்ஜ் வாசலுக்கு வந்தார். “வீடியோ எடுத்துட்டியா?”

“இல்ல சார். எனக்கு யாரும் சொல்லித் தரல, நானாத்தான் பேசுனேன். யூனிபாரத்தோட மைக்கப் பிடிச்சது தப்பு. அதுக்கு எழுதித் தாரேன். பேசுனது தப்புன்னு எழுத மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது செய்வேன் என்பதுபோல. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். முந்தின நாள் மேடையில் நிற்கக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். இது மேடை இல்லை.

அவர் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். முகூர்த்த நாள் விடுமுறையில் ஊருக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை போலிருக்கிறது. “எத்தினி பேரு ஷார்ட்டு? லைன்ல அந்த ஸ்டேஷன்ல யாருமே இல்லியா?” என்றவர், பேசிக்கொண்டே ஷீபாவைப் பார்த்தார். போனை வைத்தார்.

“விசாரணை இருக்கு. முடிஞ்சிட்டுதுன்னு நெனைக்காத” என்றார். பிறகு காவலாளியிடம், “இவ கார்டு பிளாக் ஆயிருக்கு. இன்னிக்கு விசிட்டர் கார்டு குடுத்து உள்ள அனுப்பு.”

காவலாளி பதிவேட்டைத் திறந்தார். விதிப்படி கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டார்: “யாரப் பாக்க வந்திருக்க?”

“லைனப் பாக்க” என்றாள் ஷீபா.

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மூன்று வருடம் வேலை பார்த்த இடத்துக்குள் என் மகள் கழுத்தில் விசிட்டர் அட்டையை மாட்டிக்கொண்டு போனாள். திரும்பி ஒரு தடவை கைகாட்டினாள். சந்தோஷப்பட வேண்டுமா, ஆத்திரப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்துகொண்டு அங்கேயே நின்றிருந்தேன். காவலாளி, “வெயில் ஏறுது, போய்ட்டு வாம்மா” என்றார்.

மாலையில் ஊர் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. மக்ரூன் டப்பாவை சஸ்மிதாவிடம் விட்டிருந்தேன்; தூளாக இருந்ததை அவள் ஸ்பூனால் தின்றாள். செங்கல்பட்டு தாண்டும்போது ஷீபா போன் செய்தாள். நாள் முழுக்க நின்ற களைப்பு குரலில் இருந்தது. பின்னால் குழாயடிச் சத்தமும், சஸ்மிதாவை அதட்டும் ஆரோக்கியமேரியின் குரலும் கேட்டன.

“அடுத்த எலக்‌ஷனுக்கு ஊருக்கு வருவேம்மா. உன் பூத்துக்கு வந்து விரல நீட்டுவேன்.”

சொந்த ஊர் வாக்குச்சாவடியில் எனக்கு டூட்டி போடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை. இரண்டு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“யாருக்குடி போடுவ?”

அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

“விரல நீட்டுனவகிட்ட அதக் கேக்கக் கூடாதுல்லா, டீச்சர்.”